தினமும் நடந்தும் சர்க்கரை ஏறுகிறது: டாக்டர் அஞ்சனாவின் ஆய்வுகளைப் படித்தவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு வயது 52. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. பார்க்கிறவர்கள் "ஒல்லியாத்தானே இருக்கார்" என்பார்கள். இடுப்பில் டேப் வைத்து அளந்தால் 96 செ.மீ. வருகிறது. நாலு வருஷமாகக் காலையில் முக்கால் மணி நேரம் விடாமல் நடக்கிறார். இரவில் சாதத்தை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியும் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அப்படியும் மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1இல் இருந்து 6.8க்கு வந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட பெயர் டாக்டர் ரஞ்சித் மோகன் அஞ்சனா. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனைச் சேர்ந்தவர், சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகனின் மகள். 2004லேயே, நம் ஆட்களின் வயிற்றைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரையில் இவர் பெயர் முதலில் இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பையும், குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படியும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே படியும் கொழுப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு அதில் வெளிப்படுகிறது.

அதே வருஷம் புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். என் கணவர் இந்த இரண்டாவது ரகம் என்று அப்போதுதான் உறைத்தது.

என் கேள்வி இதுதான். அஞ்சனா குழு நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பில் உணவு, உடலுழைப்பு, உடல் பருமன் மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், நம் வீட்டுச் சமையலறைக்கு அது என்ன சொல்கிறது என்று விளக்குங்கள்.

---

கோவை நடையன் எழுதியது:

அம்மா, தலைப்பைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது. "நடந்தும் பிரயோஜனமில்லை" என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. நான் 61 வயதுக்காரன். நடக்க ஆரம்பித்த பிறகுதான் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று குறைந்தது, தூக்கம் வந்தது, முழங்கால் வலி அடங்கியது. எடை என்னவோ இரண்டு கிலோ கூடக் குறையவில்லை.

அஞ்சனா அவர்களின் 2014ஆம் வருஷக் கட்டுரை ஒன்றை நானும் படித்திருக்கிறேன். தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் நாலு இடங்களிலும் 14,227 பேரிடம் கேட்டதில் 54.4 சதவீதம் பேர் போதுமான உடலுழைப்பே இல்லாதவர்கள். நகரத்தில் 65 சதவீதம், கிராமத்தில் 50 சதவீதம். என்னை உலுக்கியது கிராமத்துக் கணக்குதான். கிராமம் என்றாலே உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். விளையாட்டு, உடற்பயிற்சி என்று பொழுதுபோக்காக உடம்பை அசைக்கிறவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே உங்கள் கணவர் நடப்பதை விட்டுவிட வேண்டாம். அவர் நடக்காமல் இருந்திருந்தால் அந்த 6.8 இன்னும் எங்கே போயிருக்குமோ.

---

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

நடையன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நடந்தால் நோய் குறையும் என்பதும், நடந்தால் எடை குறையும் என்பதும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மூன்றே மாதத்தில் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தான்சானியாவில் ஹட்சா மக்களிடம் போய் அளந்தார். இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்கிறவர்கள். ஆண்கள் ஒரு நாளைக்குச் சுமார் 11 கிலோமீட்டர், பெண்கள் சுமார் 6 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அளந்த விதம் அருமையானது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டிலும் கொஞ்சம் கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த சில நாள் சிறுநீரைச் சேகரிப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் உடல் எவ்வளவு எரித்தது என்ற கணக்கு வந்துவிடும்.

2012இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஹட்சாக்காரர் ஒரு நாளில் எரிக்கும் கலோரியும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேற்கத்தியர் எரிக்கும் கலோரியும் ஏறக்குறைய ஒன்று! அதிகம் ஓடினால் உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொண்டு ஈடுகட்டுகிறது என்பது அவர் விளக்கம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் போல ஒரு பழைய ஆய்வும் உண்டு. 1956இல் ஜான் மேயர் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் சாப்பாட்டையும் வேலையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தார். மூட்டை சுமக்கிறவர்கள் நிறையச் சாப்பிட்டும் ஒல்லியாக இருந்தார்கள். எழுத்தர்களும் கடை வைத்து உட்கார்ந்திருந்தவர்களும் வேலைக்கு ஏற்பக் குறைத்துச் சாப்பிடவில்லை, அவர்களைவிட எடை கூடியே இருந்தார்கள். ஓர் அளவுக்குக் கீழே அசைவு குறைந்துவிட்டால் பசி சரியாக வழிகாட்டுவதில்லை என்று மேயர் சொன்னார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: அசைவு உடம்பைச் சீராக வைக்கிறது, எடையைப் பெரும்பாலும் தட்டுதான் தீர்மானிக்கிறது.

---

கஞ்சிக்கலயம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. என் தாத்தா காலையில் பழைய சோறு, மதியம் ஒரு வட்டில் சோறு, ராத்திரியும் சோறு. 87 வயசு வரை வயலில் நின்றார். ஆயிரக்கணக்கான வருஷமாகச் சாப்பிட்டு வந்த உணவு இப்போது திடீரென்று விஷமாகிவிடுமா? பட்டை தீட்டிய வெள்ளை அரிசியை விட்டுவிட்டுக் கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை என்று மாறினாலே போதும் என்பது என் நம்பிக்கை. எங்கள் வீட்டில் மாறிவிட்டோம்.

---

உணவியல் தோழி எழுதியது:

கஞ்சிக்கலயம் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். தினமும் இதே வார்த்தையைக் கேட்கிறேன், நானும் ஒரு காலத்தில் இதையே நம்பினேன்.

அரிசி விஷம் என்று அஞ்சனா குழு எங்கும் சொல்லவில்லை. இதே குழு சென்னையில் எடை கூடிய 15 பேருக்கு வெள்ளை அரிசி, தவிடு நீக்காத அரிசி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, உடலில் பொருத்திய கருவியால் சர்க்கரையை அளந்தது. தவிடு நீக்காத அரிசி சாப்பிட்ட நாள்களில் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சுமார் 20 சதவீதம் குறைந்தது. தவிட்டுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் அஞ்சனா குழு வெளியிட்ட கட்டுரை இன்னொரு விஷயத்தை நேருக்கு நேர் வைக்கிறது. நாடு முழுவதும் 18,090 பேரின் சாப்பாட்டை விரிவாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12 சதவீதம்தான். தெற்கிலும் கிழக்கிலும் அரிசி, வடக்கில் கோதுமை, மற்றபடி கதை ஒன்று. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால், சர்க்கரை நோயோ வயிற்றுப் பருமனோ வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் மாதிரி புரதம் வைக்கும் கணக்கில் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைகிறது. சிவப்பு இறைச்சிக்கு அந்தப் பலன் காணவில்லை.

தாமிரபரணிக்காரி அக்கா, உங்கள் வீட்டுச் சப்பாத்திக்குப் பதில் இங்கே இருக்கிறது. மூன்று சப்பாத்தி, கூட உருளைக்கிழங்கு மசாலா என்றால் தானியத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.

5 சதவீதம் என்றால் எவ்வளவு என்று மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 100 கலோரி. அதாவது 25 கிராம் மாவுச்சத்தை எடுத்து 25 கிராம் புரதம் வைப்பது. வேகவைத்த சாதத்தில் 90 கிராம், ஒரு சின்னக் கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதல். வைக்க வேண்டியது இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். சுண்டலிலும் மாவுச்சத்து இருக்கிறது என்பதால் சாதத்தை இன்னும் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்கள் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

---

கஞ்சிக்கலயம் எழுதியது:

தங்கச்சி, நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கம்பங்கூழ், கேழ்வரகு அடை, சாமைப் பொங்கல் எல்லாம் வயிறு முட்டத்தான் சாப்பிடுகிறோம், "இது சத்தானதுதானே" என்று இன்னொரு கரண்டியும் போட்டுக்கொள்கிறோம். அளவு என்ற பேச்சே எடுத்ததில்லை. தாத்தா விஷயத்திலும் யோசிக்கிறேன். அவர் ஏர் பிடித்தார், நான் பைக்கில் போய் டிராக்டர்காரரிடம் பணம் கொடுத்துவிட்டு வருகிறேன். சோறு மட்டும் அதே வட்டில்.

---

தறிக்காரன் மகன் எழுதியது:

எல்லோரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள். ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் அஞ்சு பேர். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அதனால் வயிறு நிரம்புவது அதில்தான். ஆளுக்கு இரண்டு முட்டை என்றால் ஒரு நாளைக்குப் பத்து. மாதம் முந்நூறு. தறி ஓடும் மாதத்தில் சரி, நூல் விலை ஏறித் தறி நிற்கும் மாதத்தில் என்ன செய்வது? புரதம் குறைவாக இருப்பது அறியாமையால் மட்டும் இல்லை. வயிற்றை நிரப்பும் பொருளில் மலிவானது மாவுச்சத்துதான்.

இன்னொன்று. அம்மா விசைத்தறியில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். 47 வயதில் சர்க்கரை வந்தது. "உழைக்கிறவங்களுக்கு வராது" என்று சொல்லிச் சொல்லியே பரிசோதனைக்குப் போகாமல் இருந்தார். காலில் புண் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வார்த்தையை இனி யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

---

உணவியல் தோழி எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. முட்டைதான் வேண்டும் என்றில்லை. ரேஷனில் கிடைக்கும் துவரம்பருப்பை நாம் சாம்பாரில் கரைத்துவிடுகிறோம். அஞ்சு பேருக்கு ஒரு கைப்பிடி போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? அதையே கெட்டியாகக் கூட்டாகவோ பருப்பு உசிலியாகவோ செய்தால் வித்தியாசம் தெரியும். கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, வேர்க்கடலை இவையெல்லாம் ஒப்பிட்டால் விலை குறைவு. ஆனாலும் வீட்டுக்காரர் சாமர்த்தியத்தில் மட்டும் விட்டுவிடும் காரியமில்லை இது. ரேஷன் கடையில் பருப்பின் அளவு கூட வேண்டும். இந்த ஆய்வுகளைப் பார்த்த பிறகு அதைத்தான் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது?

---

தறிக்காரன் மகன் எழுதியது:

ஆறிவிட்டது அக்கா. ஒரு விரல் எடுத்தார்கள். நடக்கிறார்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

நடப்பதைப் பற்றிப் பேசும்போது யார் நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். நடையன் ஐயா சொன்ன அதே 2014 ஆய்வில் ஆண்களைவிடப் பெண்கள் உடலுழைப்பில் பின்தங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. காலை ஐந்து மணிக்கு என் கணவர் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பும்போது நான் குக்கர் வைத்துக்கொண்டிருப்பேன். எல்லோரையும் அனுப்பிவிட்டு நிமிரும்போது வெயில் ஏறிவிடும். சாயங்காலம் போகலாம் என்றால் நாய், இருட்டு, பைக்கில் சுற்றும் பையன்கள்.

அஞ்சனா குழு இதற்கும் ஒரு வழி யோசித்தது என்பதால்தான் அவர்கள் மேல் எனக்குப் பிரியம். வளர்இளம் பெண்களுக்காக வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் ஆடும் தீவிர நடனப் பயிற்சி ஒன்றைத் தயாரித்தார்கள். தாண்டவ் என்று பெயர். பாட்டு போட்டு வேகமாக ஆடிவிட்டு மூச்சு வாங்கி நிற்பது, அவ்வளவுதான். மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், யார் துணையும் வேண்டாம். நானும் என் மகளும் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறோம். எட்டு மாதமாகிறது. ஆரம்பத்தில் மூன்றாவது நிமிடமே உட்கார்ந்துவிடுவேன், இப்போது பத்தும் தாக்குப்பிடிக்கிறேன்.

---

சான்று கேட்பவன் எழுதியது:

நல்ல இழை. ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறேன். இண்டியாப் பிரம்மாண்டமான வேலை. 2023இல் வந்த அதன் கட்டுரையில் 1,13,043 பேர். இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 28.6 சதவீதம் பேருக்கு உடல் பருமன், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. பருமனைவிட வயிற்றுப் பருமன் இவ்வளவு கூடுதல் என்பதே தாமிரபரணிக்காரி அக்காவின் கணவர் கதையை நாட்டளவில் சொல்கிறது.

ஆனால் இது ஒரு சமயத்தில் எடுத்த படம் மாதிரி. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். மனிதர்கள் சாப்பாட்டைக் குறைத்தும் நடையைக் கூட்டியும் சொல்வது வழக்கம். 5 சதவீதத்தை மாற்றினால் இவ்வளவு குறையும் என்பதும் கணக்கில் மாற்றிப் பார்த்ததுதான், மனிதர்களின் தட்டில் மாற்றிப் பார்த்தது இல்லை. அப்படி மாற்றிப் பார்த்த சோதனை நம் ஊரில் உண்டா?

---

உணவியல் தோழி எழுதியது:

சரியான கேள்வி. உண்டு, அதுவும் சென்னையிலேயே இரண்டு.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் சோதனை 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நடையும், சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைப்பும். மூன்று வருஷத்தில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இதற்கு அடுத்த வரி: அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடை இறங்காமலே நோய் தள்ளிப்போயிருக்கிறது. எடைமெஷினைப் பார்த்து மனம் உடைகிறவர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, டாக்டர் மோகன் குழுவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த டி-கிளிப். 578 பேர், குழுவாக வகுப்புகள், தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. மூன்று வருஷத்தில் நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது.

இந்தச் சோதனைகளில் நடையும் தட்டும் சேர்ந்தே மாறின, இரண்டையும் பிரித்து எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. புரதத்தை மட்டும் மாற்றிய நீண்ட காலச் சோதனை என்று கேட்டால், உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து ஒரு கிண்ணம் பயறு வைக்க அதற்காகக் காத்திருக்க மாட்டேன்.

---

கோவை நடையன் எழுதியது:

எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது என்பதைப் படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது தாயே. ஏழு வருஷமாக அந்த இரண்டு கிலோவுக்காக என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

---

தாமிரபரணிக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இடையில் எழுதாததற்கு மன்னிக்கவும்.

அன்று இரவே இழை முழுவதையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். தறிக்காரன் மகன் தம்பியின் அம்மாவைப் பற்றிப் படித்தபோது அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் தானே போய்ச் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டார். கோளாறு எதுவும் இல்லை. கண்ணும் பார்த்தாகிவிட்டது. மருத்துவரிடம் சாப்பாட்டு மாற்றத்தைச் சொன்னோம், சரி என்றார், மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்.

என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதினேன். காலை ஐந்து இட்லி. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சாதம். நாலு மணிக்கு டீயும் நாலு பிஸ்கட்டும். இரவு மூன்று சப்பாத்தி. முழு நாளிலும் புரதம் என்று சொல்ல, சாம்பாரில் கரைந்த பருப்பும் அரை டம்ளர் மோரும்தான். நான் சமைத்த சாப்பாடு. 26 வருஷமாகப் பாசத்தோடு பரிமாறியது. எழுதிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இப்போது மூன்று இட்லி, ஒரு முட்டை. மதியம் சாதம் ஒரே முறை, தட்டில் முதலில் கூட்டும் பொரியலும் போட்டுவிட்டுத்தான் சாதம். ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறார். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். இரவு பாசிப்பயறு தோசை இரண்டு, தயிர். முதல் வாரம் பசிக்கிறது என்று இரவு பத்து மணிக்குச் சமையலறைப் பக்கம் வந்தார். வேர்க்கடலை ஒரு கைப்பிடி கொடுத்தேன். இப்போது வருவதில்லை.

நடை மாறவில்லை, அதே முக்கால் மணி நேரம். நானும் கூடப் போகிறேன், குக்கர் வைக்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். மல்லிகைப்பந்தல் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு அவனாகவே கேட்டது அது.

எடை 66இல் இருந்து 65.4. இடுப்பு நேற்றுக் காலை 94.5. மூன்று மாதச் சர்க்கரையை மறுபடி பார்க்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. பார்த்ததும் இதே இழையில் எழுதுகிறேன். கஞ்சிக்கலயம் அண்ணா, உங்கள் வீட்டுக் கொள்ளு ரசம் எப்படி வைப்பீர்கள் என்று சொல்லுங்கள், இவருக்குத் துவரம்பருப்பு அலுத்துவிட்டதாம்.

---

கஞ்சிக்கலயம் எழுதியது:

சொல்கிறேன் தங்கச்சி. கொள்ளை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த கொள்ளைக் கொட்டிவிடாதீர்கள். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், ஒரு பிடி தேங்காய் போட்டுத் தாளித்தால் அதுவே ஒரு பொரியல். எங்கள் வீட்டில் இதுவரை தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு அதை மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தோம்.